மூணாவது ஆள்

கோயமுத்தூரில் பம்ப் செட் செய்து பணக்காரர் ஆனவர்களின் எண்ணிக்கை, அந்த ஊர்க் காக்கைகளின் எண்ணிக்கையை விடச் சற்றே கூடுதல். அவர்களில் வரதராஜுலு கொஞ்சம் விசேஷமானவர். அவருடைய பம்ப்பைக் கிணற்று மேட்டில் இறக்கி வைத்தாலே போதும், ஸ்விட்சைப் போடும் முன்பே தண்ணீர் பாதிக் கிணறு ஏறி வந்து, "கூப்பிட்டீங்களா?" என்று கேட்கும் என்பார்கள். என்பார்கள் என்றால், அவரே சொல்லிக்கொள்வார்.

அறுபத்திரண்டு வயதில் தொழிற்சாலையை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு, அடுத்தவர் மூளையில் பணம் போடும் வேலைக்கு வந்தார். தனியாக அல்ல. ஐந்து பேர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை வைத்திருந்தார்கள். வரதராஜுலுவின் ரேஸ் கோர்ஸ் பங்களாவில் காலை டிபனுக்குப் பிறகு கூடும். பல்லடத்தில் கோழித் தீவனக் கம்பெனி வைத்திருந்த தெய்வசிகாமணி, ஸ்பின்னிங் மில் மரகதவல்லி, ஒரு நகைக்கடைக்காரர், ஒரு பல் டாக்டர். கடைசி இருவரின் பெயர் நமக்கு வேண்டாம். பணம் கேட்டு வருகிறவர்களைத் தவிர வேறு யாரும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

சபைக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் வாயால் 'சரி', 'வேண்டாம்' என்று சொல்லக்கூடாது. சொன்னால் சண்டை வரும், சண்டை வந்தால் மதியச் சாப்பாடு கெடும். அதனால் பேச்சு முடிந்ததும் ஐந்து டபராவில் காபி வரும். சம்மதம் என்றால் குடிக்க வேண்டும். மறுப்பு என்றால் காபி மேல் ஆடை படியும் வரை தொடாமல் இருக்க வேண்டும். ஒரு வாய் குடித்தாலும் குடித்ததுதான். இப்படிக் காபி குடித்தே அவர்கள் ஒரு ஐஸ்கிரீம் கம்பெனியையும் இரண்டு ஆஸ்பத்திரிகளையும் உண்டாக்கியிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே கனவு: கம்பியில்லாமல் சேதி போக வேண்டும், டவரே இல்லாமல், காசே இல்லாமல் போக வேண்டும். சபையிடம் இருந்த பணமோ ஒருவருக்குத்தான்.

முதலில் விஷ்வேஷ். மடிப்புக் கலையாத சட்டை, கலையவே கலையாத சிரிப்பு. எல்லோர் கையிலும் ஆளுக்கொரு மெல்லிய காப்பை மாட்டிவிட்டான்.

"நம்ம உடம்புல முக்கால்வாசி உப்புத் தண்ணிதான் சார். மூணு பேர் பதினஞ்சு அடிக்குள்ள இருந்தா போதும். மூணு நாடியும் ஒண்ணா சேர்ந்து அலையைத் தூக்கி எறியும். அடுத்த மூணு பேர் எந்த ஊர்ல இருந்தாலும் அங்க போய் விழும். டவர் வேண்டாம், கேபிள் வேண்டாம், கரண்ட் பில் வேண்டாம்."

"அப்ப ஊட்டுக்கு ஊடு நாமதான் டவருங்கற," என்றார் தெய்வசிகாமணி.

"ஆயிரக்கணக்குல கோழி வளத்தறீங்கல்ல, அதுக காலுக்கும் மாட்டலாமான்னு இப்பக் கேப்பீங்க பாருங்க," என்றார் மரகதவல்லி.

"அதத்தானுங்க அம்மணி கேக்கலாம்னு வாயைத் தொறந்தேன்."

"மனுஷ நாடிக்கு மட்டும்தான் சார் வேலை செய்யும்," என்றான் விஷ்வேஷ் அவசரமாக.

காப்பு வேலை செய்தது. எப்படிச் செய்தது என்கிறீர்கள்! அறையில் ஐந்து பேர், பரிமாற வந்த சமையல்காரர், வாசலில் டிரைவர்கள். விஷ்வேஷ் முன்கூட்டியே காப்புகள் அனுப்பியிருந்த ஹூஸ்டன் வீட்டிலிருந்து தெய்வசிகாமணியின் மூத்த மகன் முகம் காப்பின் மேல் எழும்பி நின்றபோது, அவன் காலையில் சவரம் செய்யாமல் விட்ட ஒற்றை முடியைக்கூட எண்ண முடிந்தது. எண்ணிய தெய்வசிகாமணி, "மூஞ்சியைக் கழுவுடா" என்று அமெரிக்காவை அதட்டினார்.

அடுத்து ஷெர்லின். நாகர்கோவில் பெண். கையில் ஒரு பல்பு, ஒரு ஹோல்டர், அவ்வளவுதான்.

"இந்த பல்பு ஒரு செகண்டுக்குக் கோடித் தடவை கண் சிமிட்டுது சார். நம்ம கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சிமிட்டல்லதான் சேதி போகும். பல்பு எரியுற எடத்துல ஒரே ஒரு ஆள் இருந்தாலும் போதும்."

பல் டாக்டர் பல்புக்கு முன்னால் கையை நீட்டினார். சேதி அறுந்தது.

"கொசு குறுக்க போனா?" என்றார் தெய்வசிகாமணி.

"கொசு போனா ஒண்ணும் ஆகாது சார். நீங்க குறுக்க போனாத்தான் கஷ்டம்."

அவருடைய தொப்பை உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வீதிக்கு வீதி எல்லா விளக்கையும் மாற்ற வேண்டும், பத்து வருஷம் ஆகும் என்று அவள் சொன்னதும் நகைக்கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"முடிவு பண்றதுக்கு முந்தி ஒண்ணு மட்டும் செய்யுங்க சார்," என்றாள் ஷெர்லின். "அந்தக் காப்பை ஒரே ஒரு ஆளுக்கு மாட்டி, ஆளில்லாத வீட்ல ஒரு மணி நேரம் உக்கார வச்சுப் பாருங்க. எங்க அம்மை தனியாத்தான் இருக்கா. அதான் கேக்குறேன்."

வரதராஜுலுவுக்கு அது நியாயமாகப் பட்டது. சாயங்காலம் தானே தோட்டத்து மோட்டார் அறையில் போய் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும், அதுவரை காபியைத் தொடக்கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டார்.

காபி வந்தது. "குடிச்சா காப்பு, ஆறவிட்டா பல்பு," என்று மரகதவல்லி அறிவித்தார். தெய்வசிகாமணியும் நகைக்கடைக்காரரும் குடித்தார்கள். மரகதவல்லியும் பல் டாக்டரும் தொடவில்லை. எல்லோர் கண்ணும் வரதராஜுலுவின் டபரா மேல்.

ஷெர்லின் அவரைப் பார்த்து, "ஒரு மணி நேரம் போதும் சார்," என்றாள் மறுபடியும்.

அங்கேதான் அவருடைய வாய்க்குச் சனி பிடித்தது. ஒரு ஜோக் தோன்றிவிட்டது. தோன்றிய ஜோக்கைச் சொல்லாமல் விழுங்குவது அவர் பரம்பரையிலேயே கிடையாது.

"ஆளில்லாத வீட்டுக்கு அலை எதுக்கும்மா? பல்லி போன் பேசறதுக்கா?"

அறை குலுங்கியது. சமையல்காரர் சிரித்த சிரிப்பில் கேசரித் தட்டு நழுவியது. வரதராஜுலுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் ஜோக்குக்குத் தானே சிரிப்பது அநாகரிகம் என்பதால், ஜோக் சொன்ன கையோடு கிடைத்ததை எடுத்து ஒரு வாய் குடித்து உதட்டை மறைத்துக்கொள்வார். நாற்பது வருஷப் பழக்கம். கை டபராவை எடுத்தது, வாய் குடித்தது. காபி தொண்டையில் இறங்கிய பிறகுதான் மூளைக்குத் தகவல் போனது.

"குடிச்சுட்டான்! ராஜு குடிச்சுட்டான்!" என்று தெய்வசிகாமணி மேசையைத் தட்டினார். அதே நேரம் சுவரில் நிஜமாகவே ஒரு பல்லி சத்தம் போட்டது. "பாரு, பல்லியும் சொல்லிருச்சு!"

'அது இல்லப்பா, பழக்கதோஷம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்கு நொடி அவகாசம் இருந்தது. ஆனால் அத்தனை பேர் தன் ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, அடுத்த நொடியே தன்னைப் பார்த்துச் சிரிக்க வைக்க எவனுக்கு மனசு வரும்? மீதிக் காபியையும் குடித்து முடித்தார். ஷெர்லின் பல்பைக் கழற்றினாள். சூடாக இருந்திருக்க வேண்டும், முந்தானையில் சுற்றித்தான் எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உலகத்துக்கே தெரியுமே. ஐந்தே வருஷத்தில் காப்பு இல்லாத கையே இல்லை. டவர்களை அறுத்து உக்கடத்தில் எடைக்குப் போட்டார்கள். பழைய கம்பிகளைச் சுருட்டி விற்றார்கள். கம்பெனியின் விளம்பர வாசகம், வரதராஜுலுவின் ஜோக்கிலிருந்து பல்லியை மட்டும் எடுத்துவிட்டுச் செய்தது: 'ஆள் இருந்தால் அலை இருக்கும்.'

ஆரம்பத்தில் ஒரே கொண்டாட்டம். கல்யாண மண்டபங்களில் அலை எவ்வளவு வேகம் என்றால், தாலி கட்டுகிற போட்டோ, மாப்பிள்ளை மணமேடை ஏறும் முன்பே சொந்தக்காரர்களுக்குப் போய்விடும். தனிக்குடித்தனம் போன மருமகள்கள், மாமியாரை வெற்றிலை பாக்கு வைத்துத் திரும்ப அழைத்தார்கள். விவாகரத்து வக்கீல்கள் பாதிப் பேர் பேக்கரி திறந்தார்கள். பொள்ளாச்சியில் ஒருவர் தன் எருமைக்குக் காப்பு மாட்டிப் பார்த்தார். காப்பு அரைமணி நேரம் யோசித்துவிட்டு, 'நாடி மிகவும் நிதானமாக உள்ளது, ஓய்வு பெற்ற அதிகாரியா?' என்று கேட்டது.

ஜெராக்ஸ் கடைகளுக்குப் பக்கத்திலெல்லாம் 'மூணாவது ஆள்' கடைகள் வந்தன. இரண்டு பேராக இருக்கும் வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போக ஆள் அனுப்புவார்கள். சும்மா உட்காருவோர் சங்கம் ஒருநாள் எழுந்து நின்று வேலை நிறுத்தம் செய்தபோது நகரமே ஊமையானது.

கொண்டாட்டத்தின் அடியில் வேறொன்றும் நடந்தது. அதை விளம்பரத்தில் போடவில்லை. அடிக்கிற புருஷனை விட்டுவிட்டுத் தனி அறை எடுத்தவள், வேலைக்கு மனுப்போடக்கூட அலை கிடைக்காமல், ஆறாவது மாதம் அதே வீட்டுப் படி ஏறினாள். ஒற்றையாக இருந்த காவல்காரர்கள், பிள்ளை இல்லாதவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தவர்கள், யாருடனும் ஒத்துப் போகாதவர்கள் எல்லோரும் மெல்ல மெல்லச் சத்தமில்லாமல் போனார்கள். சத்தமில்லாமல் போவதில் ஒரு சௌகரியம், யார் காதிலும் விழாது.

வரதராஜுலுவுக்குக் குறையில்லை. சமையல்காரர், தோட்டக்காரர், டிரைவர் சின்னராசு என்று பங்களாவில் எப்போதும் நாலு நாடி. கஷ்டம் வந்தது தெய்வசிகாமணிக்கு.

மனைவி போன பிறகு அவர் பல்லடத்துக்கு அப்பால் தன் தென்னந்தோப்பு வீட்டுக்குப் போய்விட்டார். ஒற்றை ஆள். தானே சமைத்து, தானே குறை சொல்லிச் சாப்பிடுவார். சுற்றிலும் நாற்பது ஏக்கருக்குத் தென்னை மட்டும்தான். தென்னைக்கு நாடி கிடையாது.

"ஒரு மூணாவது ஆளும் நாலாவது ஆளும் போட்டுக்கடா. காசில்லையா உங்கிட்ட?" என்றார் வரதராஜுலு.

"காசு குடுத்து ஆளக் கொண்டாந்து உக்கார வெக்க நான் என்ன கட்சி மாநாடா நடத்தறேன்? போடா."

"அவசரத்துக்கு என்ன பண்ணுவே?"

"அதுக்குத்தான் நீ இருக்கறயே. ஞாயித்துக்கெழமை வா. டிரைவரோட வந்தா மூணு பேர் ஆச்சு. அந்த ஒரு மணி நேரம் பசங்ககூடப் பேசிக்குவேன். ஒரு வாரத்துக்குத் தாங்கும்."

அப்படியே நடந்தது. எட்டு வருஷம், ஒரு ஞாயிறு தவறாமல். வரதராஜுலுவின் கார் தோப்புக்குள் நுழைந்ததும் தெய்வசிகாமணியின் காப்பு கண் விழிக்கும். சின்னராசுவைப் பதினைந்து அடி தாண்டவே விட மாட்டார். சிறுநீர் கழிக்க அவன் தென்னை மரத்தடிக்குப் போனால், "டேய், என்ற பையன் மூஞ்சி மங்கிப் போச்சு, சீக்கிரம் வா!" என்று கத்துவார்.

பிறகு அந்த ஒரு ஞாயிறு வந்தது. காப்புக் கம்பெனியின் பத்தாவது ஆண்டு விழா. மூவாயிரம் பேர் உட்காரும் அரங்கம். அந்தப் பல்லி ஜோக்கை வரதராஜுலுவே மேடையில் சொல்ல வேண்டும் என்று விஷ்வேஷ் வந்து காலில் விழாத குறை. முந்தின ஞாயிறே நண்பனிடம் சொல்லியிருக்கலாம். அழைப்பு வந்ததோ சனிக்கிழமை ராத்திரி. தனியாக இருக்கும் ஆளுக்குச் சேதி சொல்ல வழியில்லை. சின்னராசுவை அனுப்பலாமென்றால் விழாவுக்குக் கார் ஓட்ட ஆள் வேண்டும்.

"ஒரு வாரம்தானே," என்றார் கண்ணாடியைப் பார்த்து.

ஜோக் சொன்னார். மூவாயிரம் பேர் சிரித்தார்கள். மேடையில் இருந்த தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, பங்களாவில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் கையிலிருந்த காப்பு துடித்தது. ஒருமுறை அல்ல. பதினேழு முறை. எல்லாம் தெய்வசிகாமணியிடமிருந்து.

'ராஜு, கெளம்பிட்டயா? வரும்போது காரச்சேவு வாங்கிட்டு வா.'

'இடது கை மரத்துப் போகுது. சின்னராசுவைக் கொஞ்சம் வெரட்டி ஓட்டச் சொல்லு.'

'உளுந்துட்டேன்டா. எந்திரிக்க முடியல. நீ வந்துருவேன்னு தெரியும்.'

வரதராஜுலு கையைக்கூடக் கழுவவில்லை. "சின்னராசு! வண்டியை எடு! ஆஸ்பத்திரிக்குச் சொல்லு, ஆம்புலன்ஸ் தோப்புக்கு வரச் சொல்லு!" என்று வாசலுக்கு ஓடினார். எழுபத்தேழு வயதில் அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத் தோட்டக்காரர் குழாயை மூட மறந்தார்.

கார் சூலூரைத் தாண்டும்போதுதான் படித்த மூன்று சேதிக்கும் கீழே இருந்த நேரத்தைப் பார்த்தார். ஞாயிறு, காலை. ஞாயிறு, மதியம். ஞாயிறு, சாயங்காலம்.

"மெதுவாப் போ சின்னராசு," என்றார்.

"ஏனுங்க ஐயா, அவசரமுன்னீங்க?"

"மெதுவாப் போ."

அன்று காலை தேங்காய் போட மூன்று பேர் தோப்புக்கு வந்திருக்கிறார்கள். இரண்டு பேர் முதலில் கதவைத் திறந்து உள்ளே போனபோது ஒன்றும் நடக்கவில்லை. காப்பு செத்தவரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்றாவது ஆள் அரிவாளை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்ததும், இரண்டு நாள் காத்திருந்த பதினேழு சேதியும் கிளம்பிவிட்டன.

சாயங்காலத்துக்குள் தோப்பு நிரம்பியது. சொந்தம், பந்தம், தீவனக் கம்பெனி ஆட்கள், கட்சிக்காரர்கள். ஹூஸ்டன் மகன்கள் இருவரும் அலையில் வந்து அப்பாவின் தலைமாட்டில் ஆளுயரத்துக்கு நின்று அழுதார்கள். கன்னத்தில் ஓடிய கண்ணீர்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. அந்த மனிதர் உயிரோடு இருந்த எட்டு வருஷமும் அந்த வீட்டில் அவ்வளவு அலை இருந்ததே இல்லை.

வரதராஜுலு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் மிச்சத்தைப் படித்தார். இரண்டில் வெறும் புள்ளிகள். ஒன்றில், 'வரலியா?' திங்கள் காலையில் ஒன்று:

'செவுத்துல ஒரு பல்லி என்னையே பாத்துட்டு இருக்குது. அதுக்கொரு காப்பு மாட்டியிருக்கலாம்டா.'

கடைசிச் சேதி திங்கள் மாலை.

'ஒண்ணு சொல்லோணும். அன்னிக்கு நீ சம்மதிச்சுக் குடிக்கல. சோக்குக்குக் குடிச்சே. நாப்பது வருசமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா. தெரிஞ்சுதான் கத்துனேன். நீ வாயத் தொறக்கறதுக்குள்ள கத்திரோணும்னு கத்துனேன். அந்த நாரோயில் புள்ளகிட்டச் சொல்லிரு. தனியா இருக்கறதுன்னா'

அதோடு நின்றிருந்தது.

மரகதவல்லி அவரைத் தேடிக்கொண்டு வந்தார். வரதராஜுலு கையை நீட்டிக் காட்டினார். அவர் படித்துவிட்டு முந்தானையால் காப்பைத் துடைத்தார், துடைத்தால் எழுத்து அழிந்துவிடும் என்பதைப் போல.

"அந்தப் பொண்ணு இப்ப எங்கீங்க அம்மணி?"

"ஊர்லதான். பழைய வீட்லயே பல்பு ரிப்பேர் பண்ணிட்டு இருக்குது. வாரம் ஒருக்கா சர்ச்சுக்குப் போறப்பதான் வந்த சேதியெல்லாம் பாக்குமாம்."

"அவங்கம்மா?"

மரகதவல்லி தென்னை மரங்களைப் பார்த்தார். "போய் ஆறு வருசமாச்சுங்க. நாலு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுதாம்."

புதன்கிழமை காரியங்கள் முடிந்து கூட்டம் கலைந்தது. ஒவ்வொரு காராகக் கிளம்ப, வரதராஜுலுவின் காப்பு மங்கிக்கொண்டே வந்தது. சின்னராசுவையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு, கூடத்தில், நண்பர் விழுந்து கிடந்த இடத்திலேயே, ஒற்றை ஆளாக உட்கார்ந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்கப்பட்ட ஒரு மணி நேரம். யாரோ வைத்துவிட்டுப் போன காபி எதிரே இருந்தது. அவர் தொடவில்லை. அதன் மேல் ஆடை படிந்தது.

ஷெர்லினுக்கு எழுதினார். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு விஷயத்தைக் கூட்டாமல் எழுதினார். நான் சம்மதிக்கவில்லை. பழக்கத்தில் குடித்தேன். மறுத்துச் சொல்ல வெட்கப்பட்டேன். நீ கேட்ட பரிசோதனையை இன்றுதான் செய்தேன். அவ்வளவுதான்.

அலை இல்லை. எழுந்து வெளியே நடந்து, அரை மைல் தள்ளி ரோட்டோர டீக்கடைக்குப் போனார். ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். காப்பு விழித்துக்கொண்டது, சேதி போயிற்று. உடனே ஒரு வரி வந்தது:

'பெறுபவர் அருகில் ஆள் இல்லை. காத்திருக்கிறது.'

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சின்னராசு எட்டிப் பார்த்தான். "விடுங்கய்யா. ஞாயித்துக்கெழமை சர்ச்சுல கூட்டம் இருக்குமுங்க. தன்னால போய்ச் சேந்துரும்."

"ஞாயித்துக்கெழமை வரைக்கும் காத்திருன்னு இன்னொருத்தர்கிட்ட என்னால சொல்ல முடியாது," என்றார் வரதராஜுலு. "நாரோயிலுக்கு எத்தன நேரமாகும்?"

"ஏழெட்டு மணி நேரமாவது ஆகுமுங்க."

"எடு வண்டியை. நாம ரெண்டு பேர் போனா, அந்தப் பொண்ணோட மூணு. அவ வாசப்படி ஏறுனதும் சேதி போயிரும்."

சின்னராசு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். "நேர்லயே போறமுங்க. அப்புறம் சேதி எதுக்குங்க? நீங்களே வாயால சொல்லிரலாமுல்லங்க?"

"வாயால சொல்ற தைரியம் இருந்திருந்தா, அன்னிக்கே சொல்லியிருப்பேன்டா," என்று சொல்லிவிட்டு, வரதராஜுலு காரின் பின் கதவைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, மூடிவிட்டு முன்னால் வந்து சின்னராசுவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.